உங்களுக்குத் தெரியுமா? - கோடு விழுகிற பிரிண்டரும் கடற்காற்றும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவிலும் ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் ஊரடங்கு காலத்து ஆன்லைன் வகுப்புகளுக்காக வாங்கிய இங்க்ஜெட் பிரிண்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. முதல் ஆறு மாதம் அதற்கு ராஜ மரியாதை. பிறகு மேலே பழைய துண்டைப் போர்த்தி, அதற்கும் மேலே மருந்துச் சீட்டும் கரண்ட் பில்லும். திடீரென ஒருநாள் ராத்திரி, மறுநாள் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வேண்டும் என்று பிள்ளை வந்து நிற்கும்போது பட்டனை அழுத்தினால், பக்கம் முழுக்க வெள்ளைக் கோடு. இந்த வாரத் துணுக்குகள் அந்தக் கோடுகளைப் பற்றி.

கோடு எந்தப் பக்கம்?

பிரிண்டருக்கு என்ன கோளாறு என்பதை அது அடித்துத் தள்ளும் தாளே சொல்லிவிடும். முதலில் கோட்டின் திசையைப் பாருங்கள். எழுத்து வரிகளுக்கு இணையாக, சீரான இடைவெளியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் விழுந்தால் அது நாசில் அடைப்பு. மை பீய்ச்சும் ஹெட் இடவலமாக ஓடுகிறது; அதில் ஒரு துளை அடைத்தால், அந்தத் துளை கடந்த பாதை முழுக்க வெள்ளையாக விடுபடும். மேலிருந்து கீழாக இறங்கும் செங்குத்துக் கோடுகள் மேடு பள்ளமாக, பல்லுப் பல்லாக இருந்தால் ஹெட் நேர்கோட்டில் இல்லை. 'அலைன்மென்ட்' செய்ய வேண்டும். கோடும் இல்லை, எல்லாமே வெளிறிக் கிடக்கிறதா? மெஷினைத் திறக்கும் முன் கணினியில் பாருங்கள்: யாரோ 'டிராஃப்ட்' முறையில் விட்டுப் போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் இந்தக் கடைசிக் கோளாறுக்காக ஒருமுறை புது மையே வாங்கிவிட்டோம்.

லட்சம் கோடியில் ஒரு பங்கு

ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பெயர் பைக்கோலிட்டர். வீட்டுப் பிரிண்டர் துப்பும் ஒரு சொட்டு, சில பைக்கோலிட்டர்தான். அதை வெளியே விடும் துளையின் விட்டம் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு சிறிய வாயில் மை காய்ந்தால் அடைக்காமல் என்ன செய்யும்?

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் வைத்துச் சமைத்த தலைமுறைக்கு நாசில் அடைப்பு புதிதல்ல. தீ மஞ்சளாகி 'புஸ்' என்று இழுத்தால், தகரக் கைப்பிடி வைத்த பின்னை எடுத்துக் குத்திவிடுவார்கள், தீ நீலமாகிவிடும். அந்தக் கைப்பழக்கம் இங்கே வேண்டாம். எந்தப் பின்னும் இந்தத் துளையைவிடத் தடிமன்தான். குத்தினால் ஹெட்டுக்கு அதுவே கடைசி.

படிக்கட்டு உடைந்தால்

கோடு விழுந்ததும் எல்லோரும் செய்வது 'ஹெட் கிளீனிங்'. அதற்கு முன்னால் 'நாசில் செக்' என்று ஒன்று இருக்கிறது. நான்கு நிறத்திலும் சிறு சிறு கோடுகளைப் படிக்கட்டு போல வரிசையாக அடித்துக் காட்டும் ஒரு தாள். எந்தப் படி உடைந்திருக்கிறதோ அந்தத் துளையில் அடைப்பு. படிக்கட்டு எல்லா நிறத்திலும் முழுதாக இருந்தால் ஹெட் நன்றாக இருக்கிறது என்று பொருள்; பிறகு எத்தனை முறை கிளீனிங் கொடுத்தாலும் மைதான் வீண்.

இந்தக் கிளீனிங் ஒன்றும் துணியால் துடைக்கிற வேலை இல்லை. துளைகள் வழியாக மையை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் அது. தள்ளிய மை எங்கே போகிறது? மெஷினின் அடியில் ஒரு பஞ்சு மெத்தை இருக்கிறது, அதற்குள். எவ்வளவு மை போயிற்று என்று மெஷின் கணக்கு வைத்துக்கொண்டே வரும். கணக்கு நிறைந்ததும் விளக்குகள் சிமிட்டும், வேலைநிறுத்தம். 'பேடு ஃபுல்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பஞ்சை மாற்றி, கணக்கை ரீசெட் செய்தால்தான் மறுபடி ஓடும். சில புது மாடல்களில் இந்தப் பஞ்சைத் தனிப் பெட்டியாகவே வைத்துவிட்டார்கள். வீட்டிலேயே கழற்றி மாட்டலாம்.

ஆகவே இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே நாசில் செக். அப்படியும் சரியாகவில்லை என்றால் மெஷினை ஆஃப் செய்துவிட்டு 12 மணி நேரம் சும்மா விடுங்கள். காய்ந்த மை ஊறி இளகவும், குழாயில் மாட்டிய காற்றுக் குமிழி ஒதுங்கவும் நேரம் கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பிடிவாதம் பிடித்த பிரிண்டர் காலையில் ஒன்றுமே நடக்காதது போல அடிக்கும். ஹால் டிக்கெட்டுக்கு அது உதவாதுதான். அதற்குத்தான் தெருமுனை ஜெராக்ஸ் கடை.

புள்ளி போனால் பொருள் போச்சு

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். படிக்கிறவர்தான் இடம் பார்த்து, 'பல' என்று இருப்பது பலவா, பல்லா என்று முடிவு செய்ய வேண்டும். அச்சு வந்து பல காலம் கழித்து, அடைத்துக்கொண்ட பிரிண்டர் நம்மை மறுபடி அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து துளைகள் அடைத்து, அந்த வெள்ளைப் பட்டை சரியாகப் புள்ளிகள் இருக்கும் உயரத்தில் விழுந்தால், அந்த வரியின் மெய்யெல்லாம் உயிர்மெய். கல் 'கல' ஆகும், மண் 'மண' ஆகும். ஆங்கிலக் கடிதத்தில் இதே அடைப்பு இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம், தமிழில் முடியாது. மனு எழுதி அடிக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை புள்ளிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகுகள் கட்டிக் கிடக்கும். ஆனால் படகுக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், சாயம் பூசுவார்கள், இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவார்கள். சும்மா கிடக்கிற இயந்திரம்தான் கெடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஏறத்தாழ அதே சமயம்தான் பள்ளி விடுமுறையும். வீட்டுப் பிரிண்டருக்கும் தடைக்காலம். ஜூனில் பள்ளி திறந்து முதல் ப்ராஜெக்டை அடிக்கும்போதுதான் மஞ்சள் வரவில்லை, சிவப்பு வரவில்லை என்று தெரியும். வாரத்துக்கு ஒரு பக்கம், நான்கு நிறமும் இருக்கிற மாதிரி, காய்கறிப் பட்டியலையாவது வண்ணத்தில் அடித்துவிட்டால் போதும். அதற்காகும் மை, ஒரு ஹெட் கிளீனிங்குக்குப் போகும் மையைவிடக் குறைவு.

சுவர் ஸ்விட்சை நம்பாதீர்கள்

வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைப்பது நம் வீடுகளில் நல்ல பழக்கம். பிரிண்டருக்கு மட்டும் அது கெட்ட பழக்கம். மெஷினில் இருக்கும் பட்டனை அழுத்தி அணைத்தால்தான் ஹெட் ஓரமாகப் போய் (பெரும்பாலும் வலது ஓரம்) அங்கே இருக்கும் ரப்பர் மூடியில் பொருந்தி உட்காரும். பேனாவுக்கு மூடி போடுகிற கதைதான். சுவர் ஸ்விட்சை நடுவில் அணைத்தால் ஹெட் வழியிலேயே திறந்த வாயோடு நின்றுவிடும். மூடி இல்லாத பேனாவாகக் காயும். அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், வந்ததும் ஒருமுறை ஆன் செய்து, பட்டனால் ஆஃப் செய்துவிடுங்கள். மெஷினின் விளக்கு முழுதாக அணைந்த பிறகு சுவரில் அணைத்துக்கொள்ளலாம்.

மேல் வண்டி, கீழ் வண்டி

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்தது. பிரிண்டருக்குள்ளும் ஒரு ரயில் இருக்கிறது. ஹெட்டைச் சுமந்துகொண்டு இரும்புத் தண்டின் மேல் ஓடும் வண்டிக்குப் பெயரே 'கேரேஜ்'. வேகத்துக்காக அது போகும்போதும் அடிக்கும், திரும்பும்போதும் அடிக்கும். மேல் வண்டி விட்ட சொட்டும் கீழ் வண்டி விட்ட சொட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒரு மயிரிழை தள்ளிப் போனால் எழுத்துக்கு நிழல் விழுந்தது போல இரட்டையாகத் தெரியும். கண்ணாடிப் பவர் கூடிவிட்டதோ என்று நினைத்துவிடாதீர்கள். ஹெட் அலைன்மென்ட் கொடுத்தால் சரியாகும். அவசரத்துக்கு, செட்டிங்கில் 'இரு திசை' அல்லது 'அதிவேகம்' என்று இருப்பதை எடுத்துவிட்டால் ஒரு திசையில் மட்டும் அடிக்கும். மெதுவாக அடித்தாலும் சுத்தமாக அடிக்கும்.

சரி, தான் எந்த இடத்தில் ஓடுகிறோம் என்று அந்த வண்டிக்கு எப்படித் தெரிகிறது? மூடியைத் திறந்து பாருங்கள். இடமிருந்து வலம் வரை ஒரு கண்ணாடித் தாள் நாடா இழுத்துக் கட்டியிருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத நெருக்கத்தில் கறுப்புக் கோடுகள். அவைதான் மைல்கல், கேரேஜில் இருக்கும் ஒளிக்கண் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகும். நாடாவில் தூசியோ கிரீஸோ படிந்தால் எண்ணிக்கை தப்பும். வண்டி 'டமால்' என்று ஓரத்தில் போய் முட்டும், எழுத்து ஒரே இடத்தில் குழம்பும்.

தூசியைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 அக்டோபரில் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும் வரை, ராயபுரம் மாடிகளில் காய்ந்த வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எண்ணூர் பக்கத்து மக்களுக்கு அதோடு அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்தது. ஜன்னலோரம் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதை ஒரு மூலைக்கு நகர்த்துங்கள். பின்பக்கத் தாள் தட்டைத் திறந்தே போடாதீர்கள்; தூசி நேராக உள்ளே போகும் வழி அது. நாடாவைத் துடைக்க வேண்டுமானால் மெஷினை அணைத்துவிட்டு, பஞ்சு உதிராத மெல்லிய துணியை லேசாக நனைத்து, இழுக்காமல் துடையுங்கள். கழன்று வந்துவிட்டால் மறுபடி மாட்டுவது தனி வித்தை.

ரோஜா நிறக் கொடி

இந்தியாவில் மே தினம் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது 1923-ல், சென்னைக் கடற்கரையில், சிங்காரவேலர் தலைமையில். தொழிற்சங்கங்கள் வேர்விட்ட வடசென்னையில் இன்றும் ஏப்ரல் கடைசியில் மே தின நோட்டீஸ் அடிக்காத தெரு குறைவு. வீட்டுப் பிரிண்டரில் அடிக்கிற சங்கத் தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிரிண்டரில் சிவப்பு மை கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால்தான் செங்கொடி. மஞ்சள் அடைத்துவிட்டால் கொடி ரோஜா நிறத்தில் வரும். மெஜந்தா அடைத்தால் மஞ்சள் கொடி, கட்சியே மாறிவிடும்.

இதை வைத்தே எந்த நிறம் போயிற்று என்று சொல்லிவிடலாம். போட்டோவில் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்தது போல இருந்தால் மெஜந்தா இல்லை. கடல் வயலட்டும் ரோஸும் கலந்து தெரிந்தால் சயான், அதாவது வானநீல மை, இல்லை. வேப்பமரம் நீலமாக நின்றால் மஞ்சள் இல்லை.

டயரும் எழுத்தும் ஒரே கறுப்பு

1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆனது. இயற்கை ரப்பருக்குக் கறுப்பு நிறம் கிடையாது. டயர் கறுப்பாக இருப்பதும், தேயாமல் உழைப்பதும் அதில் கலக்கும் 'கார்பன் பிளாக்' என்ற நுண்ணிய கரித்தூளால். பல வீட்டுப் பிரிண்டர்களின் கறுப்பு மையிலும் அதே வகைக் கரிதான் மிதக்கிறது. இன்னும் பின்னால் போனால், ஓலைச்சுவடியில் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய விளக்குக் கரியைப் பூசினார்களே, மையாடல் என்று, அதுவும் கிட்டத்தட்ட இதுவே. கரி வெயிலுக்கு வெளிறாது.

ஆனால் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் பல பிரிண்டர்களில் கரைசல் சாயம். உப்பு தண்ணீரில் கரைகிற மாதிரி முழுதாகக் கரைந்தது. கரித்தூள் மையோ, ஆற்றுத் தண்ணீரில் வண்டல் போல மிதப்பது. இந்த வித்தியாசம் தெரியாமல் பாட்டிலை மாற்றி ஊற்றுகிறவர்கள் நிறைய. கரித்தூள் மைக்கென்று செய்த ஹெட்டில் சாய மையை ஊற்றினாலும், சாய மைக்கான தொட்டியில் கரித்தூள் மையை ஊற்றினாலும் வம்புதான். இரண்டும் கலந்து திரிந்து பசையாகிவிடலாம். மலிவான மை வாங்குவதில் தவறில்லை. பாட்டில் மேல் உள்ள எண் உங்கள் மாடலுக்கு உரியதா என்று மட்டும் பாருங்கள்.

கரித்தூள் மை பளபளப்பான போட்டோ தாளில் ஒட்டாது, விரல் பட்டால் ஈஷும். கறுப்பு எழுத்து அடிக்க போட்டோ தாள் போடுகிறவர்களின் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். மெஷின் பேரில் குற்றமில்லை.

தண்ணீர் பட்டால்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் சேர்ந்து மிதந்தது. பீரோவில் நனைந்த தாள்களில் ஒரு வேடிக்கை: ஜெராக்ஸ் கடையில் லேசரில் அடித்த நகலில் எழுத்து அப்படியே இருக்கும், ஏனென்றால் அது தாளில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். சாய மை இங்க்ஜெட்டில் அடித்தது மேகம் போலக் கரைந்து ஓடிவிடும். மழைக்காலத்துக்குப் பத்திரப்படுத்தும் நகல்களை லேசரில் எடுப்பது நல்லது. இதை எழுதுகிற எனக்கே வெள்ளம் வடிந்த பிறகுதான் உறைத்தது.

தாளுக்கும் வேர்க்கும்

தாளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள் பொதுவாக ஒரு தர வானிலையில் வைக்கப்படுகின்றன: 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம். கடலோர வடசென்னைக்காரர்கள் அப்படி ஒரு நாளைப் பார்த்ததே அரிது. நம் காற்றில் ஈரம் அதிகம். உப்பு டப்பாவில் உப்பு கசிவது போல, பிரித்து வைத்த தாள் கட்டு ஈரத்தைக் குடிக்கும். ஓரம் சுருளும், இரண்டு மூன்று தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும், எழுத்தைச் சுற்றி மை நூல் நூலாகப் பரவும். பார்ப்பவர் பிரிண்டரைத் திட்டுவார்.

இதில் ஒரு விநோதம் உண்டு. அதே ஈரக் காற்று நாசிலுக்கு நல்லது. மை சீக்கிரம் காயாது. ஏ.சி. ஓடும் வறண்ட அறையில் நாசில் சீக்கிரம் காயும், தாள் மொறமொறவென்று நன்றாக இருக்கும். ஆக, பிரிண்டரைக் கடற்காற்றிலும் தாளை ஏ.சி. அறையிலும் வைக்க வேண்டும் போல! நடைமுறையில், பிரித்த தாள் கட்டை அதன் உறையிலேயே சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, படுக்கை வசமாக அலமாரியில் வையுங்கள். தேவையான பத்துத் தாளை மட்டும் தட்டில் வைத்து அடியுங்கள்.

இன்னொன்று: நாம் வாங்கும் ஏ4 தாள் மரக்கூழில் மட்டும் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. கரூர் அருகே காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979-ல் அரசு தொடங்கியது, கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்து பெயர் பெற்றது. எந்த நாரில் செய்தாலும், மை பரவாமல் நிற்பது மேலே பூசும் கஞ்சி போன்ற பூச்சைப் பொறுத்தது. வேட்டிக்குக் கஞ்சி போட்டால் தண்ணீர் சட்டென்று ஊறாதே, அதுபோலத்தான். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், ஒரு தாளில் மைப்பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். கோடு மயிர்க்கால் விடாமல் நின்றால் இங்க்ஜெட்டுக்கும் நிற்கும்.

போட்டோ தாளுக்கு முன் பின் உண்டு

பளபளப்பான பக்கத்தில்தான் அடிக்க வேண்டும். இருட்டில் தெரியாவிட்டால் ஈர விரலால் மூலையைத் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் முகம். செட்டிங்கிலும் போட்டோ தாள் என்று சொல்லிவிடுங்கள். சாதாரணத் தாள் என்று மெஷினை ஏமாற்றினால் மையைக் குறைவாக விடும், படம் பொரிபொரியாக வரும். சாதாரணத் தாளைப் போட்டோ தாள் என்று சொன்னாலோ, தாள் குளித்து எழுந்து வரும்.

குழாயடித் தண்ணீர் வேண்டாம்

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 2010-ல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய நிலையம் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் கொண்டது. இதற்கும் பிரிண்டருக்கும் என்ன தொடர்பு? அடைத்த கார்ட்ரிட்ஜை நனைத்தெடுக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து, போர் தண்ணீரில் முக்குகிறார்கள். தண்ணீர் காய்ந்ததும் அதிலுள்ள உப்பு துளையிலேயே படியும். மை அடைப்பு போய்க் கல் அடைப்பு வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர்தான் சரி.

அதுவும் எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. சில மாடல்களில் ஹெட், கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும்: அடியில் செம்பு நிறத்தில் ஒரு பட்டை தெரியும். வெதுவெதுப்பான வடிநீரில் நனைத்த துணி மேல் நாசில் பக்கத்தை ஒரு நிமிடம் வைத்து எடுத்தால் மை இளகி, துணியில் நிறம் இறங்கும். பலிக்கவில்லை என்றால் புதுக் கார்ட்ரிட்ஜ். அதோடு புது ஹெட்டும் வந்துவிடும். பக்கவாட்டில் தொட்டி வைத்த மாடல்களில் ஹெட் மெஷினோடு சேர்ந்தது. அங்கே கை வைக்கும் முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மோட்டார் காய்ந்து ஓடினால்

கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் காயில் கருகும். கார்ட்ரிட்ஜ் வகையிலும் அதே கதைதான். உள்ளே இருக்கும் நுண்ணிய சூடேற்றி, மையை நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறத்தாழ 300 டிகிரிக்குச் சூடாக்கி, குமிழி விடச் செய்து, அந்தக் குமிழி தள்ளும் வேகத்தில் சொட்டை எறிகிறது. சூட்டைத் தணிப்பதும் அந்த மைதான். மை தீர்ந்த பிறகும் 'இன்னும் ரெண்டே பக்கம்' என்று அடித்தால் சூடேற்றி வெந்துவிடும். பிறகு சிரிஞ்சில் எவ்வளவு மை ஏற்றினாலும் வராது. தொட்டி வகையில் வேறு ஆபத்து: கீழ்க்கோட்டுக்குக் கீழே மை இறங்கினால் குழாயில் காற்று ஏறும்.

ஊசியும் காபியும்

1977-ல் ஜப்பானில் கேனான் ஆய்வுக்கூடத்தில் ஒருவர், மை ஏற்றிய ஊசி முனையில் சூடான சால்டரிங் கம்பியைத் தெரியாமல் பட வைத்துவிட்டார். மை பீய்ச்சி அடித்தது. 'பபிள் ஜெட்' பிறந்த கதை அது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் எச்.பி. நிறுவனத்தின் ஜான் வாட், காபி கொதிகலத்தில் நீர் குமிழிட்டு மேலே எழுவதைப் பார்த்து அதே யோசனைக்கு வந்தார். எப்சன் வழி வேறு: மின்சாரம் பட்டால் வளையும் படிகத்தால் மையை அமுக்கித் துப்பும். கேஸ் அடுப்பு லைட்டரை அமுக்கினால் பொறி வருகிறதே, அதே வகைப் படிகம், தலைகீழ் வேலை.

இன்னும் பழைய கதை ஒன்று. 1867-ல் கெல்வின் பிரபு, கடலடித் தந்திச் செய்திகளைப் பதிவுசெய்ய, பேனா தாளைத் தொடாமலே நிலைமின்சாரத்தால் மையைத் தெளிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். சென்னைக்கும் பினாங்குக்கும் கடலடிக் கம்பி போட்டது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. நீர்த்தாரை ஏன் சொட்டுச் சொட்டாக உடைகிறது என்ற கணக்கை 1878-ல் போட்டவர் ராலே பிரபு. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பு என்று சொன்னவரும் அவரே. இல்லை, கடல்நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று 1921-ல் கப்பலில் வந்தபடியே சோதித்துக் காட்டியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன். சொட்டு விஷயத்தில் மட்டும் ராலே சொன்னது நின்றது. தண்ணீர் பாட்டிலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் தேதி, அந்தக் கணக்கின்படி உடையும் மைத்தாரையால் அடித்தது.

மணலியும் மையும்

நாசில் முனையில் மை சட்டென்று காயாமலிருக்க, ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்களை அதில் சேர்ப்பார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த புரொப்பிலீன் கிளைக்கால் மணலியில் தயாராகிறது.

எடை மேடையின் 'கிரீச் கிரீச்'

மாதவரம், மணலி, எண்ணூர் நெடுஞ்சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் ஏறி இறங்கும் எடை மேடைகளில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்திக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். பழசு என்பதால் விட்டுவைக்கவில்லை. டிரைவருக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று என்று கார்பன் வைத்த மூன்று தாளில் ஒரே அடியில் பதிய வேண்டும். இங்க்ஜெட் தாளைத் தொடுவதே இல்லை. அடுத்த தாளுக்கு எப்படி இறங்கும்? ரிப்பன் மங்கினாலும் எண் வெளிறும், அவ்வளவுதான். அடைக்க அங்கே துளை இல்லை.

கறுப்பு அடித்தால் மஞ்சள் ஏன் குறைகிறது?

கறுப்பு எழுத்தாக இருந்தாலும் சில பிரிண்டர்கள் மூன்று நிறத்தையும் கொஞ்சம் கலந்தே கறுப்பாக்கும். கிளீனிங் செய்யும்போதும் நான்கு மையும் போகும். செட்டிங்கில் 'கிரேஸ்கேல்' தேர்ந்தால் ஓரளவு மிச்சமாகும். மஞ்சள் தீர்ந்தால் கறுப்பும் அடிக்க மாட்டேன் என்று நிற்கும் மாடல்களும் உண்டு. வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி, பஞ்சு மெத்தையை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்பது.